கனமான ஸ்பூல்

"முப்பத்தொண்ணு!" என்று மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள் அவள். "நேத்தைவிட ரெண்டு மீட்டர் கூட!"

"சரியாப் பார்த்தியா?" தூண்டில் கம்பும் கையுமாக நின்ற கணவர் இங்கிருந்து கேட்டார்.

"எனக்கு முட்டியிலதான் ஆபரேஷன் பண்ணாங்க. கண்ணுல இல்ல!"

குடியிருப்புக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் ஐந்து வாரமாக இந்தக் கூத்து நடக்கிறது. லேத் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷன் வீட்டில் சும்மா இருந்தால்தானே? தூண்டில் வீசும் போட்டி ஒன்று வருகிறதாம். மீனே வேண்டாமாம். ஈயக்குண்டை யார் அதிக தூரம் வீசுகிறார்களோ அவர்களுக்குப் பரிசாம்.

"ஊர்ல அவனவன் மீன் பிடிச்சுட்டு வர்றான். நீங்க புல்லைப் பிடிச்சுட்டு வர்றீங்க" என்று ஆரம்பத்தில் அவள் கேலிதான் செய்தாள்.

ஆனால் முதல் நாள் அவர் வீசிய குண்டு ஆறே மீட்டரில் பொத்தென்று விழுந்தது. அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. மூன்று மாதமாக நாற்காலியே கதி என்று கிடந்தவள், கைத்தடியை ஊன்றிக்கொண்டு அளக்கப் போய்விட்டாள். வேறு யார் இருக்கிறார்கள் அந்த மனுஷனுக்கு? குண்டு பறக்கும்போது எதிரில் நிற்கக் கூடாது. அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, விழுந்த பிறகு போய் அளந்து சொல்லிவிட்டுத் திரும்பி வர வேண்டும். கம்பை விட்டு அவர் நகர்ந்தால் தூண்டில் நரம்பு தளர்ந்து அளவு தப்பிவிடுமாம். எல்லாவற்றுக்கும் ஒரு சாக்கு தயாராக இருக்கும் அவரிடம்.

அந்த முதல் நாள் மாலையே சாப்பாட்டு மேசையில் தூண்டில் ரீலைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார்.

"இதான் ஸ்பூல். நரம்பு இதுலதான் சுத்தியிருக்கு" என்றார், உருளையை விரலால் சுழற்றிக்கொண்டே. "குண்டு பறக்கறப்போ இதையும் சுத்தவெச்சு நரம்பை இழுத்துட்டுப் போகணும். இது கனமா இருந்தா, குண்டோட வேகம் பாதி இதைக் கிளப்பறதுலயே போயிடும்."

"மாமியாரை முதுகுல தூக்கிட்டு ஓடற மாதிரின்னு சொல்லுங்க."

"எங்கம்மாவை எதுக்குடி இழுக்கறே?" என்று சிரித்தார். "கிளம்பறதும் கஷ்டம், கிளம்பிட்டா நிறுத்தறதும் கஷ்டம். குண்டு வேகம் குறைஞ்ச பிறகும் இது நிக்காம சுத்தும். கட்டை விரலை வெச்சு அடக்கலேன்னா நரம்பு மொத்தமும் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கும்."

"தெரியுதில்ல? லேசான ஸ்பூலா ஒண்ணு வாங்கிப் போட வேண்டியதுதானே?"

"எதுக்கு அவசரம்? கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

அவர் அப்படித்தான் செய்தார். முதல் வாரம் நரம்பில் பாதியை வெட்டி எடுத்தார். அடுத்த வாரம் ஸ்பூலின் ஓரத்தில் நாலு துளை போட்டார். அதற்கடுத்த வாரம் மேலும் நாலு. ஒவ்வொரு தடவையும் குண்டு ஏழெட்டு மீட்டர் தள்ளி விழும். சின்னப் பிள்ளை மாதிரி துள்ளுவார்.

அவளோ நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். போட்டிக்கு இன்னும் பத்தே நாள். அறுபது மீட்டர் போடாமல் யாரும் ஜெயித்ததில்லை என்று அவர் வாயாலேயே கேட்டிருக்கிறாள். முப்பத்தொன்றை வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் அந்த மனுஷன் தலைகுனிந்து நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

முப்பத்தொன்று விழுந்த மறுநாள் காலை, அவர் முடி வெட்டப் போன நேரம் பார்த்து, ரீலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரீல் டப்பாவில் இருந்த கடை விலாசம் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

தூண்டில் கடைக்காரர் ரீலைக் கையில் வாங்கியதுமே நிமிர்ந்து பார்த்தார்.

"இது நம்ம லேத்து சாரோடதாச்சே? நீங்க அவர் வீட்டம்மாவா? நடந்தா வந்தீங்க?"

"பின்ன, பல்லக்குலயா வந்தேன்? இங்க பாருங்க தம்பி, எனக்கு ரொம்ப லேசான ஸ்பூல் ஒண்ணு வேணும். அவருக்குத் தெரியக் கூடாது. போட்டியன்னைக்கு நானே என் கையால மாட்டிவிடணும்."

"எந்தப் போட்டிம்மா?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? தூண்டில் வீசற போட்டி. பத்து நாள்ல வருதே."

"அப்படி ஒண்ணு நடந்தா எனக்குத் தெரியாம இருக்குமா?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு அலமாரியைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார். உள்ளே இருந்த ஸ்பூல் கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை.

"இது இந்த ரீல்லயே இருந்ததும்மா. இதை வெச்சு சார் கண்ணை மூடிட்டு வீசினாலும் அறுபது மீட்டர் தாண்டும். ஒன்றரை மாசம் முன்னாடி அவரே கழட்டிக் கொடுத்துட்டு, கடையிலேயே கனமான ஸ்பூல் எதுவோ அதைப் போடச் சொன்னாரு."

"கனமானதா? குண்டு போகாதே! அவருக்கு என்ன பைத்தியமா?"

"நானும் அதையேதாம்மா கேட்டேன்" என்றார் கடைக்காரர். "'குண்டு விழற இடம் வரைக்கும் என் வீட்டுக்காரி நடந்து போகணும்ப்பா, எடுத்த எடுப்புலயே அறுபதுன்னா பயந்துபோய் மறுபடியும் நாற்காலியில உக்காந்துடுவா'ன்னு சொன்னாரு."