இடதுபக்க நாற்காலி

"என் நாற்காலியை விட்டுடுங்க தம்பி. அந்த இடதுபக்க நாற்காலிக்குச் சத்தம் சரியா வந்தா போதும்" என்றார் வாத்தியார்.

ஒலி அமைப்பாளருக்கு ஆச்சரியம். பாட்டுக் கேட்கத் தனி அறை வைத்திருக்கும் ஆசாமிகள் தங்கள் இருக்கைக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். இவர் விட்டுக்கொடுக்கிறாரே!

"அது யாரோட நாற்காலி சார்?"

"என் வீட்டுக்காரியோடது. முப்பத்தெட்டு வருஷமா சாயங்காலம் ஆனா ரெண்டு பேரும் இங்க உட்கார்ந்து, கண்ணை மூடிக்கிட்டுப் பாட்டுக் கேட்போம். இப்ப ஒரு வருஷமா, 'பாட்டு மங்கலா இருக்கு, ரூம்லதான் கோளாறு'ங்கறா."

அமைப்பாளர் அறையின் நடுவில் நின்று ஓங்கிக் கைதட்டினார். எதிரொலியே இல்லை. தரையில் கம்பளம், சுவரெல்லாம் புத்தகம், கனத்த திரைச்சீலை. குறை சொல்ல ஒன்றுமில்லாத அறை. ஆனால் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றிருந்த அம்மாள் அந்தச் சத்தத்துக்குத் திரும்பவே இல்லை.

அமைப்பாளருக்கு மனசு கனத்தது.

வாத்தியார் அவரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பார்த்துட்டீங்க இல்ல? அவ காதுதான் தம்பி. சொன்னா உடைஞ்சு போயிடுவா. நாலு பலகையை ஒட்டிட்டு, ரூம் சரியாயிடுச்சுன்னு சொல்லிடுங்க. முகத்தைப் பார்த்து நிதானமாப் பேசினா, உதட்டசைவுல புரிஞ்சுக்குவா."

"காதுக்கு ஒரு மெஷின் வச்சா..." அமைப்பாளர் பையைத் துழாவியபடி முணுமுணுத்தார்.

"என்ன சொன்னீங்க? நிமிர்ந்து சொல்லுங்க. அவளோட கத்திக் கத்திப் பேசி எனக்கும் இதே பழக்கமாயிடுச்சு."

மதியம்வரை வேலை நடந்தது. மூலைகளில் பஞ்சுப் பலகைகள் ஏறின. ஸ்பீக்கர்கள் ஒரு சாண் முன்னால் வந்தன.

"கோளாறு பிடிபட்டுடுச்சும்மா. எல்லாம் அந்த மூலை பண்ணின வேலை" என்று அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார் அமைப்பாளர். பொய் தனக்கு இவ்வளவு சரளமாக வரும் என்று அவருக்கே அதுவரை தெரியாது.

"அப்ப ரூம்தானா? நான் வேற என்னவோன்னு பயந்தே போயிட்டேன்." அம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

இருவரும் உட்கார்ந்தார்கள். ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்கு எரிந்தது. வழக்கம்போல் இருவரும் கண்களை மூடிக்கொண்டார்கள். அம்மாளுக்குக் கேட்காவிட்டால் என்ன சொல்லிச் சமாளிப்பது? அமைப்பாளர் அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் மனைவியின் புறங்கையில் மெல்லத் தாளம் போட ஆரம்பித்தார். அம்மாளின் முகம் மலர்ந்தது.

"இப்பத்தாங்க தெளிவாக் கேட்குது!" என்று கணவரின் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வாத்தியாரின் மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது. "அடடா! வயலின்ல ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக் கேட்குது தம்பி!"

போட வேண்டிய இசைத்தட்டு, இன்னும் உறைகூடப் பிரிக்காமல் அமைப்பாளர் கையிலேயே இருந்தது.