வேறொரு டெண்டர்

மேசை நாற்காலி வாங்கும் பழைய டெண்டர் ஒன்று திரையில் ஓடி முடிந்தது. மூன்றாவது நிபந்தனைக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்தது.

ஒரே ஒரு கம்பெனியை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறார்கள் என்று அவளுடைய மென்பொருள் சொன்னது.

அதன் வேலையே அதுதான். அரசாங்கம் பேனா வாங்கினாலும் பேருந்து வாங்கினாலும், டெண்டரை வரி விடாமல் படித்து, எந்த நிபந்தனை யாருக்காக நுழைந்தது என்று மோப்பம் பிடிக்கிற செயற்கை நுண்ணறிவு. ஊண் உறக்கம் மறந்து அவள் உருவாக்கியது.

எதிரே கொள்முதல் குழுவின் நான்கு பேர். இன்று அவர்கள் தலையாட்டினால் ஆர்டர். இல்லாவிட்டால் கம்பெனிக்குப் பூட்டுதான்.

தம்பிதான் பங்குதாரர். மென்பொருள் அவள் பொறுப்பு, ஆட்களைப் பார்த்துப் பேசுவது அவன் பொறுப்பு. பக்கத்தில் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான்.

வரும்போது லிஃப்டில், "பயப்படாதக்கா, ஆர்டர் எப்படியும் நமக்குத்தான்" என்றிருந்தான். அதெப்படி என்று கேட்டாள். காதோடு சொன்னான். அதற்குப் பிறகு அவனோடு அவள் பேசவில்லை.

கணக்கு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதையும் லேசில் நம்புகிற ஆளில்லை. கேள்வியும் நீங்கள் கொண்டுவந்தது, பதிலும் நீங்கள் கொண்டுவந்தது, இதில் நாங்கள் எதை நம்புவது என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது.

குழுத் தலைவியும் அதை ஆமோதித்தார். துறையின் இணையதளத்திலிருந்து வேறு ஏதாவது ஒரு டெண்டரை எடுத்துப் போடச் சொன்னார்.

அவள் தன் மடிக்கணினியில் பட்டியலைத் திறந்தாள். மருந்து, டயர், தண்ணீர்க் குழாய். டயரையே எடுத்துவிடு என்று தம்பி முணுமுணுத்தான்.

டயரைத் தாண்டிப் போனாள். பட்டியலில் அவள் எங்கே நின்றாள் என்று பார்த்ததும் தம்பியின் பல் மறைந்தது. மேசைக்கு அடியில் அவள் காலை அழுத்தி மிதித்தான்.

கைக்கு வந்த வேலையை உதறிவிட்டு, அவளை நம்பி வந்த ஆறு பேர் ஆபீசில் போனைப் பார்த்தபடி இருப்பார்கள். டயரை எடுத்தால் இங்கே யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

ஆனால் ஊரார் குற்றத்தையெல்லாம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும் பார்க்காதே என்று அதனிடம் சொல்ல அவளால் முடியாது.

பொத்தானை அழுத்தினாள்.

பெரிய திரையில் நிபந்தனைகள் மட்டும் விரிந்தன. ஒரு சிவப்புக் கோடு. இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் முழுக்கச் சிவந்துபோனது. தம்பியோடு அடிக்கடி டீ குடிக்கிற கொள்முதல் அதிகாரி கடைசி நாற்காலியில் இருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

தலைவி முன்னால் சாய்ந்து படித்தார். ஒருத்தருக்கே அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கிறதே, யார் அந்தக் கம்பெனி என்று கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள்.

"நாங்கதான் மேடம். இன்னைக்கு எங்ககிட்ட வாங்கப்போறீங்களே, அந்த டெண்டர்தான் இது. இதை ரத்து பண்ணிட்டு, எல்லாரும் வர்ற மாதிரி மறுபடி விடுங்க. நாங்களும் வந்து போட்டி போடுறோம்."