பத்தாவது வீடு

கோமதிநாயகம் அந்தக் காகிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்தார்.

'உங்கள் தெருவில் உள்ள பத்து வீடுகளில் ஒன்பது வீட்டார் பிளாஸ்டிக் கவர்களைக் கழுவி, உலர்த்தி, மாதந்தோறும் என்னிடம் தருகிறார்கள். மிக்க நன்றி.'

கீழே ஜிஷாவின் கையெழுத்து. பச்சைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கிழக்கேகோட்டைப் பக்கம் வீடு வீடாகப் பிளாஸ்டிக் சேகரிக்க வருகிற பெண்.

"பத்தாவது வீடு யாருன்னு போடலியே" என்றாள் மனைவி சிவகாமியம்மாள்.

"அது வேற போடணுமா? நாமதான்."

பால் கவரிலிருந்து பிஸ்கட் உறை வரை எல்லாவற்றையும் கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்துவதுதான் அவர் வழக்கம். ஜிஷா வந்தால், "இந்த மாசம் ஒண்ணும் சேரலைம்மா" என்று அனுப்பிவிடுவார். வாங்கிக்கொண்டு போய் எங்கே விற்கிறார்களோ, யாருக்குப் பங்கு போகிறதோ என்று சந்தேகம். முப்பது வருஷம் தணிக்கைத் துறையில் குப்பை கொட்டியவர் வேறு எப்படி இருப்பார்? பால் பாக்கெட்டைக்கூட எடை பார்த்துவிட்டுத்தான் காய்ச்சச் சொல்வார்.

ஆனால் இப்போது சந்தேகத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் ஆண்டுக் கூட்டம். அவர்தான் தலைவர். போன கூட்டத்தில் சுத்தத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கியவர். கவுன்சிலர் முன்னால் யாராவது இதை வாசித்தால் மானம் கப்பலேறிவிடும்.

"ஒன்பது வீடுன்னு இவ சொன்னா ஆச்சா? ஆதாரம் வேண்டாமா?"

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதலில் பக்கத்து வீட்டு சத்தியதாஸ். நேராகக் கேட்டால் தம் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் சுற்றி வளைத்தார்.

"சனிக்கிழமை ஜிஷா வருதுல்லா? நாங்க மாசாமாசம் கழுவிக் காயப்போட்டு ரெடியா வச்சிருவோம். உங்க வீட்ல எப்படி?"

சத்தியதாஸ் கொஞ்சம் விழித்தார்.

"நாங்களும்தான் சாரே. பின்னே, கொடுக்காம இருப்போமா?"

சொல்லும்போதே அவர் வீட்டுக் கொல்லையிலிருந்து கருகின பிளாஸ்டிக் வாடை வந்தது.

அடுத்து சரசம்மா டீச்சர்.

"நான் பண்டு முதலே, ஆரம்பத்துலேருந்தே கொடுக்கேன் அல்லே" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் வாசலில் கிடந்த சிப்ஸ் கவரைக் காலால் நகர்த்தி மறைத்தார்.

இப்படியே ஒன்பது வீடும் ஆயிற்று. எல்லா வீட்டிலும் ஒரே பதில், ஒரே திருட்டு முழி.

"சிவகாமி, தெருவே பொய் சொல்லுது" என்று மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். "ஒருத்தரும் கொடுக்கலை. இந்த லெட்டரை அந்தப் பொண்ணு எல்லா வீட்லயும் கொடுத்திருக்கா. அவங்கவங்க தான்தான் பத்தாவதுன்னு நினைச்சு நடுங்குறாங்க."

"அப்போ மீட்டிங்ல போட்டு உடைச்சிருங்க."

"எப்படி உடைக்க? மாசாமாசம் கொடுக்கேன்னு ஒன்பது வீட்லயும் சொல்லித் தொலைச்சிருக்கேனே."

சிவகாமியம்மாள் பால் கவரைக் கழுவ எழுந்து போனாள். போகும்போது சிரித்தாளோ என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

மறுநாள் காலையில் மாடியில் நின்று பார்த்தார். சத்தியதாஸ் வீட்டுக் கொடியில் கவர்கள் கிளிப் போட்டுத் தொங்கின. டீச்சர் வீட்டிலும் தொங்கின.

"என்னமா நடிக்கிறாங்க" என்று முணுமுணுத்துவிட்டு, தம் வீட்டுக் கவர்களைத் தெருவுக்குத் தெரிகிற பக்கமாக மாற்றிக் காயப்போட்டார்.

சனிக்கிழமை பத்து வீட்டு வாசலிலும் மூட்டை இருந்தது. ஜிஷாவின் வண்டியில் இடம் போதவில்லை. கோமதிநாயகம் தம் வீட்டு மூட்டையைத் தாமே தூக்கி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரும்மா, எனக்கு எல்லாம் தெரியும். ஒன்பது வீடு கொடுக்குதுங்கிறது புளுகு. பத்து வீட்டுக்கும் இதே லெட்டரைக் கொடுத்து எல்லாரையும் ஏமாத்தியிருக்கே, இல்லியா?"

"புளுகுதான், க்ஷமிக்கணும் சாரே" என்றாள் ஜிஷா. "ஆனா பத்து வீட்டுக்கும் கொடுக்கலை. ஒண்ணே ஒண்ணுதான் பிரிண்ட் எடுத்தேன். சாருக்கு மட்டும்."

"எனக்கு மட்டுமா? ஏன்?"

ஜிஷா மூட்டையைக் கயிறு போட்டு இறுக்கினாள்.

"ஒரு வருஷமா நான் கெஞ்சியும் ஒரு வீடும் கேக்கலை சாரே. சார் கையில ஒரு பேப்பரைக் கொடுத்தா, நம்பாம ஒன்பது வீட்டுப் படியும் ஏறி, 'நாங்க கொடுக்கோம், நீங்க கொடுக்கீங்களா'ன்னு எனக்காக சாரே போய்க் கேப்பீங்கன்னு தெரியும்."