ஜாடை காட்டக் கூடாது

"எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கடா!"

முதலாளி போட்ட சத்தத்தில் ஒர்க்‌ஷாப்பில் இருந்த நாலு மெக்கானிக்குகளும் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள்.

"ஒருத்தனும் ஜாடை காட்டக் கூடாது. போர்ட் இருக்கிற பக்கம் பார்த்தாக்கூட டெஸ்ட் செல்லாது!" என்றவர், கொஞ்சம் யோசித்து, "நானும் திரும்பிக்கறேன். என் கண்ணே காட்டிக் குடுத்துடும்" என்று தானும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

வேலை கேட்டு வந்திருந்த குடைச்சலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். நாலு வயதில் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப்போட்ட அன்று அம்மா வைத்தது, மெக்கானிக் படிப்பு முடித்த பிறகும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் சிரிக்கிற நேரமா இது? ஏற்கெனவே மூன்று ஒர்க்‌ஷாப்பில் "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். "இதுவும் இல்லேன்னா நாளையிலேர்ந்து அத்தை கடையில உட்கார்ந்து துணி மடி" என்று அம்மா முடிவாகச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறாள். துணி மடிப்பதை நினைத்தாலே அவளுக்குக் கொட்டாவி வந்தது.

டெஸ்ட் என்னவோ ஒரே ஒரு வேலைதான். மூலையில் ஒரு பழைய நீலக் கார், மேலெல்லாம் ஒரு விரல் தூசி, பேட்டரி மட்டும் புதுசு. காருக்கு என்ன நோவு என்று படித்துச் சொல்லும் ஸ்கேனரைச் சொருக, காருக்குள் எங்கோ ஒரு சின்னத் துளை, அதாவது போர்ட், இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"புதுக் கார்னா ஸ்டியரிங்குக்குக் கீழேயே இருக்கும். குழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும்" என்று சுவரிடம் சொன்னார் முதலாளி. "இது பழசும்மா. எங்க ஒளிச்சு வெச்சிருக்கான்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும்!"

தலையை உள்ளே விட்டு, காலை வெளியே நீட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே இல்லை. ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்குப் பின்னால் இல்லை, ஹேண்ட் பிரேக் பக்கம் இல்லை, பானெட்டைத் திறந்து பார்த்தால் அங்கேயும் இல்லை. பாழாய்ப்போன போர்ட் கண்ணாமூச்சி ஆடியது.

டேஷ்போர்டின் அடிப்பலகையில் கை வைத்தாள். தொட்டதும் அது கழன்று மடியில் விழுந்தது. அடுத்த பலகையும் அப்படியே. ஒன்றில்கூட ஸ்க்ரூ இல்லை. என்னடா என்று பார்த்தால், அத்தனை ஸ்க்ரூவும் ஆஷ்ட்ரேயில் குவிந்து கிடந்தது.

'பிரிக்கத் தெரியுது, மாட்டத் தெரியாதா? சோம்பேறிங்க!' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே நிமிர்ந்தாள். சுவரில் மாட்டியிருந்த பழைய சைடு மிரரில் முதலாளியின் இரண்டு கண்ணும் தெரிந்தன. அவள் பார்த்ததும் அவர் சட்டென்று மீசையை முறுக்கிக்கொண்டார். இந்த அமர்க்களத்திலும் மனுஷனுக்கு அழகு கேட்கிறது என்று கார்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இன்னும் கால் மணி நேரம்!"

அவ்வளவுதான், நாளைக்குத் துணிதான். போகிறது, பிரித்ததையாவது ஒழுங்காக மாட்டிவிட்டுப் போவோம். திறந்துபோட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வராது. ஸ்க்ரூக்களை எடுக்கத் தோதாக ஆஷ்ட்ரேயை அப்படியே வெளியே உருவினாள்.

அந்தப் பொந்துக்குள்ளே, பல்லை இளித்துக்கொண்டு கறுப்பாக உட்கார்ந்திருந்தது போர்ட்!

வாயைப் பொத்திக்கொண்டு சீட்டிலேயே ஒரு குதி குதித்தாள். ஸ்கேனரைச் சொருகி, சாவியைத் திருப்பினாள். திரை பளிச்சென்று எரிந்து, கார் தன் குறையை எல்லாம் கொட்டித் தீர்த்தது. எல்லாம் படித்துவிட்டு, ஸ்கேனரைக் கழற்றி, ஆஷ்ட்ரேயை அதன் இடத்தில் தள்ளினாள். பலகைகளைப் பொருத்தி, ஒரு ஸ்க்ரூகூட மிச்சமில்லாமல் முடுக்கினாள்.

"முடிஞ்சுது சார்!"

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் திரும்பிய வேகத்தில் இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். அவள் ஸ்கேனரை நீட்டினாள். "ரெண்டாவது சிலிண்டர் சரியா எரியலை சார். அதான் கார் இப்படி இழுத்துக்கிட்டு நிக்குது."

முதலாளி திரையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒரு மெக்கானிக் விசிலடித்தார், இன்னொருவர் ஓடிப்போய் அவளுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

"நாளைக்கே வேலைக்கு வந்துடும்மா! காலையில எட்டு மணிக்கு!"

குடைச்சலுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே போனைப் போட்டு, "அம்மா, துணியை அத்தையே மடிச்சுக்கட்டும்!" என்று கத்தினாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ஐந்து பேரும் அவளைச் சுற்றி நின்றிருந்தார்கள். "போய் டீ குடிங்கடா" என்றார் முதலாளி. ஒருத்தரும் அசையவில்லை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குனிந்து அவள் காதோடு கேட்டார்.

"ரெண்டு வருஷமா தேடறோம் தாயே... எங்கேதான் இருந்துச்சு?"