கண்ணை மூடிய அரைமணி நேரம்

கண்ணில் சொட்டு மருந்து விட்ட நர்ஸ், அரைமணி நேரம் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் வெயில் மூடிய இமைக்குள் செம்மண் நிறமாய்க் கசிகிறது. தலைக்கு மேலே மின்விசிறி கடகடக்கிறது. பக்கத்தில் யாரோ வந்து உட்காரும் வளையல் சத்தம். "தலை கலைஞ்சு கிடக்கேம்மா, பின்னி விடட்டுமா?" சின்ன வயசுப் பெண்ணின் குரல். வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் விரல்கள் கூந்தலுக்குள் இறங்கிவிடுகின்றன. "கூட யாரும் வரலையா?" "எனக்கு யாரும் இல்லைம்மா." விரல்கள் ஒரு கணம் நிற்கின்றன. பிறகு வலிக்காமல் சிக்கெடுக்கின்றன, மூன்றாய்ப் பிரிக்கின்றன. இந்தத் தலையில் இன்னொருத்தர் கை பட்டு எத்தனை வருஷம் ஆகிறது. கண்ணோரம் வழிவது மருந்துதானா என்று அவளுக்கே தெரியவில்லை. பின்னல் முடிகிறது. கை மட்டும் விலகவில்லை. பிடரியில் அவள் தங்கச் சங்கிலியின் கொக்கியைத் தேடுகிறது. அவளுக்குப் புரிந்துவிடுகிறது. கத்தினால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். அந்தக் கையும் போய்விடும். கொக்கி எட்டுகிற மாதிரி தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுக்கிறாள். கழுத்து லேசாகிறது. தோளை ஒருதரம் அழுத்திவிட்டு அந்தக் கை எழுந்து போகிறது. "கண்ணைத் திறங்கம்மா" என்று நர்ஸ் வந்து நிற்கிறாள். "அட, பின்னல் அழகா இருக்கே. பொண்ணு வந்திருந்தாளா?" "ஆமா," என்கிறாள் அவள், சேலைத் தலைப்பைக் கழுத்தோடு இழுத்து மூடிக்கொண்டு. "ஏதோ அவசரம்னு கிளம்பிட்டா."