பாஸ்வேர்டும் ஒரு போட்டியும்

“லேப்டாப்புல லினக்ஸ் போட்டு முடிச்சிட்டேண்ணே. ஆனா பாஸ்வேர்டை ஏத்துக்க மாட்டேங்குது. பத்து மணிக்கு ஸ்கூல்ல வேலைக்குச் சேர ஆன்லைன் பரீட்சை!” கொடைக்கானலிலிருந்து போனில் அழாத குறையாகச் சொன்னாள் அர்ஃபா.

லினக்ஸ் குழுவில் அறிமுகமான பள்ளங்கி கிராமத்துச் சண்முகராஜ் நிதானமாகக் கேட்டான். “பேர் எழுதுற கட்டத்துல ‘கே’ அடிங்க. என்ன விழுது?”

“ரெண்டுங்கிற நம்பருண்ணே! பேய் புகுந்திருச்சா?”

“பேய் இல்லீங்க, நம்லாக். அது ஆன்ல இருந்தா சின்ன லேப்டாப்புல சில எழுத்துக்கு எண்தான் விழும். அணைச்சிட்டு அடிங்க.”

திறந்துகொண்டது.

“ரொம்ப நன்றிண்ணே. உங்க சோலியைக் கெடுத்துட்டேனா?”

“எனக்கும் பத்து மணிக்கு அதே பரீட்சைதாங்க.”

அந்த ஸ்கூலில் இருப்பதோ ஒரே ஒரு வேலை. “அப்புறம் ஏண்ணே எனக்குச் சொல்லித் தந்தீங்க?”

“உங்க கீபோர்டு தோத்து நான் ஜெயிச்சா நல்லாவா இருக்கும்? வெரசா உட்காருங்க.”

“நீங்க நல்லா எழுதணும்ணே” என்று மனதாரச் சொல்லிவிட்டுத்தான் அர்ஃபா போனை வைத்தாள்.