இரட்டை அடுக்கு

மகனின் அலறல் இன்னொரு முறை வெளியே கேட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் எழுதிக் கொடுத்துவிட்டது. முகிலனுக்கு இருபத்தாறு வயது. இதுவரை மூன்று வீடுகள் மாறியாயிற்று.

சத்தம் வெளியே போகாதபடி அவன் அறையின் சுவர்களிலும் கூரையிலும் ஜிப்சம் போர்டு அடிக்க வந்த அருமைராஜ், மூன்று மாதிரித் துண்டுகளை நீட்டினான். முகிலனின் அம்மா சௌந்தரவல்லி ஒவ்வொன்றையும் காதருகே வைத்து, தேங்காய் வாங்குகிறவளைப் போல விரலால் சுண்டிப் பார்த்தாள்.

"இருக்கிறதிலேயே கனமானதை ரெண்டு அடுக்கா அடிங்க தம்பி."

"ஒரு அடுக்கு அடிச்சு உள்ள பஞ்சு வச்சாலே போதும்மா."

"போதாது. நீங்க அவன் குரலைக் கேட்டதில்ல."

ஏழாம் நாள் வேலை முடிந்தது. முகிலன் மாத்திரை போட்டுக்கொண்டு கூடத்தில் தூங்கினான். வேலை முடிந்ததும் வீட்டில் ஒருவரை உள்ளே அனுப்பிக் கத்தச் சொல்வது அருமைராஜின் வழக்கம்.

"போங்கம்மா, சாரை ஆசை தீரத் திட்டுங்க. அவருக்கு ஒண்ணும் கேட்காது."

அவள் கணவர் தெய்வசிகாமணி வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். சௌந்தரவல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆண்கள் இருவரும் வெளிச்சுவரில் காதை வைத்துக் காத்திருந்தார்கள்.

"ஒரு பொட்டு சத்தம் இல்ல பாருங்க சார்," என்றான் அருமைராஜ் பெருமையாக.

கதவு திறந்தது. அவள் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன.

"என்னன்னு திட்டினே?" என்று கேட்டார் கணவர்.

"திட்டல. அவன் உங்களைக் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டேன். 'அப்பா, பயமா இருக்கு, வாப்பா'ன்னு. பத்துத் தடவை கூப்பிட்டிருப்பேன்."

உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும், அவர் மறுபடி சுவரில் காதை வைத்தார்.